மாரோவும் நான் மறைத்த மூன்று நாளும்

பவளமாலை மார்பில் புரள, பட்டுத்துணி இடையில் மின்ன, விசிறியை ஒரு கையிலும் விழாவை மறு கையிலும் பிடித்தபடி தலைமை ஏற்று அமர்ந்திருக்கும் ஒகோரி நகர் முன்னேற்றச் சங்கத் தலைவர், மாண்புமிகு ஒடிபோ அவர்களே! அவருக்கு வலப்பக்கம் அமர்ந்து வயதாலும் வாக்காலும் இந்த ஊரை வழிநடத்தும் பெரியவர்களே! இடப்பக்கம் அமர்ந்து அந்தப் பெரியவர்களையே வழிநடத்தும் அன்னையர்களே! சந்தைப் பெண்கள் சங்கத்தின் சிங்கங்களே! மாரோவைப் பெற்று, மரவள்ளி மாவைக் கிண்டிக் கிண்டியே அவளை வளர்த்த தாயாரே! அமெரிக்காவிலிருந்து ஆகாய வழியே வந்து, நேற்று எங்கள் கடை மிளகு சூப்பைக் குடித்துவிட்டு இன்றுவரை கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கும் பயிற்சியாளர் ஹாலோவே அம்மையாரே! பந்தலுக்குள் இருப்பவர்களே, பந்தலுக்கு வெளியே மாமரத்தின் மேல் இருப்பவர்களே! யார் பெயராவது விட்டுப்போயிருந்தால் அவர்கள் ஓராண்டு என்னோடு பேச மாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். ஆகவே சொன்னவர்களுக்கும் சொல்லாமல் விட்டவர்களுக்கும் சேர்த்து ஈசியோவின் சிரம் தாழ்ந்த வணக்கம்!

கை தட்டியது போதும். என்னை உங்களுக்குத் தெரியும். இந்த ஊரில் எவர் வீட்டுத் திருமணம் என்றாலும் மைக் என் கையில். மற்ற நாட்களில் கரண்டி என் கையில். இன்று எனக்கு ஒதுக்கிய நேரம் ஐந்து நிமிடம் என்று நிகழ்ச்சிநிரலில் அச்சடித்திருக்கிறார்கள். ஒகோரியில் ஐந்து நிமிடம் என்றால் எவ்வளவு நேரம் என்பது உங்களுக்குத் தெரியும், பாவம், ஹாலோவே அம்மையாருக்குத் தெரியாது. ஐயா, அவருக்குப் பக்கத்தில் அமர்ந்து மொழிபெயர்ப்பவரே, மூச்சு வாங்கிக்கொண்டு நிதானமாகச் சொல்லுங்கள்.

யார் இந்த மாரோ? அமெரிக்கக் கல்லூரி அணியின் சட்டையை அணிந்துகொண்டு, மேடையில் நடுநாயகமாக அமர்ந்து, நான் என்ன சொல்லப் போகிறேனோ என்று நகத்தைக் கடிக்கிறாளே, இவள் யார்? மழை பெய்தால் குளமாகும், வெயில் அடித்தால் கல்லாகும் நம் பள்ளி மைதானத்தில் ஓடியவள். பொருந்தாத காலணியோடு ஓடினாள். காலணி கிழிந்தது, வெறுங்காலோடு ஓடினாள். கால் கிழிந்தது, கட்டுப் போட்டுக்கொண்டு ஓடினாள். ஓடாத நேரத்தில் என்ன செய்தாள்? என்னோடு சண்டை போட்டாள்! ஏன்? ஐந்து ஆண்டுகள், பக்கத்துத் தடத்தில், தோளுக்குத் தோளாக, மூச்சுக்கு மூச்சாக அவளோடு ஓடிய கால்கள் எவை? இதோ, இவை!

சிரிக்காதீர்கள். இன்று இவை சூப் கடைக் கால்கள். அன்று இவை இந்த மாநிலத்தின் இரண்டாவது வேகமான பெண் கால்கள்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் வாரி நகரில் மாநில இறுதிப் போட்டி. அமெரிக்கக் கல்லூரிக்காரர்கள் பார்க்கிறார்கள், ஒரே ஓர் இடம் கொடுக்கப் போகிறார்கள் என்று பேச்சு. படிப்பு, தங்கும் அறை, சாப்பாடு, பயிற்சி எல்லாம் கல்லூரியே தரும். ஓடினோம். அவள் நெஞ்சு முந்தியது, என் நெஞ்சு பிந்தியது. நடுவில் இருந்த இடைவெளி என் உள்ளங்கை அகலம்கூட இல்லை. அவள் விமானம் ஏறினாள், நான் அடுப்பு மூட்டினேன். வழியனுப்ப ஊரே பேருந்து நிலையத்துக்குப் போனது, நான் மட்டும் போகவில்லை. வயிற்றுவலி என்றேன். வயிறு வலிக்கவில்லை, எரிந்தது. இதை இத்தனை பேர் முன்னால் சொல்ல எனக்கு இரண்டு ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.

ஆனால் மாரோ ஓட்டத்தில் மட்டுமா பெயர் வாங்கியவள்? பணிவிலும் பெயர் வாங்கியவள். ஹாலோவே அம்மையாருக்காக ஒரு வார்த்தை. எங்கள் உர்ஹோபோ வீடுகளில் பெரியவரைக் கண்டால் இளையவர் முழங்காலைத் தரையில் ஊன்றி "மீகுவோ" என்போம். நான் மண்டியிட்டிருக்கிறேன் என்று பொருள். பெரியவர் "விரெண்டோ" என்பார். எழுந்திரு என்று பொருள். அவர் சொல்லும்வரை எழக்கூடாது. என்னைப் போன்றவர்கள் அரைக்குனிவு குனிந்து, வாயைத் திறந்தும் திறக்காமலும் ஓடிவிடுவோம். மாரோ அப்படியல்ல. பத்து வயதில் தெருவில் ஒரு பெரியவரைப் பார்த்துச் சரளைக்கல்லில் மண்டியிட்டாள். பெரியவர் கைப்பேசியில் பேசிக்கொண்டிருந்தார். நிலத் தகராறு பற்றிப் பேசினார், மருமகனைப் பற்றிப் பேசினார், மீன் விலையைப் பற்றிப் பேசினார். இருபது நிமிடம்! அத்தனை நேரமும் மாரோ மண்டியிட்டபடியே இருந்தாள். வீட்டில் அவள் அடுப்பில் வைத்துவிட்டு வந்த பங்கா, அதுதான் நம் எண்ணெய்ப்பனைப் பழக் குழம்பு, கரியாகிப் போனது. அந்தப் பெரியவர் யார் என்று கேட்கிறீர்களா? தலைவர் அவர்களே, விசிறியால் முகத்தை மறைத்துப் பயனில்லை!

இப்படிப்பட்டவள் டெக்சஸ் போனாள். பயிற்சியில் அனல் பறக்க ஓடினாள். துப்பாக்கி வெடித்த கணத்தில் பாய்ந்தாள், அணியில் இருந்த அத்தனை பேரையும் முந்தினாள். பந்தய நாள் வந்தது. துப்பாக்கி வெடித்தது. ஏழு பேர் போய்விட்டார்கள். எட்டாவது ஆள் எங்கே? மண்டியிட்ட இடத்திலேயே இருக்கிறாள்! அரை நொடிகூட இல்லை, அதற்கும் குறைவுதான். ஆனால் நூறு மீட்டர் ஓட்டத்தில் அது எத்தனை பெரிய காலம் என்பது ஓடியவர்களுக்குத் தெரியும். பின்னால் இருந்து பாய்ந்து பாய்ந்து ஆறாவதாக வருவாள், ஏழாவதாக வருவாள். முதல் ஆண்டு இப்படியே போயிற்று. இரண்டாம் ஆண்டும் இப்படியே போகத் தொடங்கியது.

அம்மையார் சும்மா இருந்தாரா? காது பார்க்கும் மருத்துவரிடம் அழைத்துப் போனார். காது நன்றாக இருந்தது. காலணியை மாற்றினார், கால் ஊன்றும் கட்டையை மாற்றினார். மனநல வல்லுநர் ஒருவர் வந்து மாரோவை மெத்தை நாற்காலியில் உட்கார வைத்தார்.

"சின்ன வயசுல துப்பாக்கிச் சத்தம் கேட்டு பயந்திருக்கியாம்மா?"

"எங்க ஊர்ல சாவு வீட்லயே பீரங்கி வெடிப்பாங்க சார். நான் அது பக்கத்துல உக்காந்து ரெண்டாவது தட்டு சோறு வாங்குவேன்."

அந்த வல்லுநர் குறிப்பேட்டை மூடிவிட்டார் என்று கேள்வி.

ஆனால் சிரிப்பதற்கான நேரம் அது இல்லை. அந்தக் கல்லூரிகளில் உதவித்தொகையை ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்க வேண்டும். மே மாதம் பல கல்லூரிகள் மோதும் பெரும்போட்டி. அதில் இறுதிச் சுற்றுக்குப் போய் அணிக்குப் புள்ளி வாங்கித் தர வேண்டும். தராவிட்டால் அடுத்த ஆண்டு அந்த இடம் வேறொருத்திக்கு. மாரோ பெட்டியைக் கட்டிக்கொண்டு, பாதிப் படிப்போடு ஒகோரிக்குத் திரும்ப வேண்டியதுதான். அம்மையார் அவளை அழைத்து இதைச் சொன்னார், சொல்லிவிட்டுத் தானும் அழுதார். மறுக்காதீர்கள் அம்மையாரே, மாரோ எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

என்ன, மூன்றாவது வரிசையில் ஒரு தாயார் இப்போதே தலையில் கை வைத்துவிட்டார்? கண்டுபிடித்துவிட்டீர்களா அம்மா? வாயை மூடிக்கொள்ளுங்கள், பக்கத்தில் இருப்பவருக்குச் சொல்லாதீர்கள்!

அப்போதுதான் என் கைப்பேசிக்கு மாரோவின் பந்தய வீடியோ ஒன்று வந்தது. யாருக்கு? வழியனுப்ப வராத இந்த வயிற்றுவலிக்காரிக்கு! கூடவே மாரோவின் குரல்.

"ஈசியோ, அஞ்சு வருசம் என் பக்கத்துலயே ஓடினவ நீ. நான் கிளம்பறத உன்ன மாதிரி பாத்தவ உலகத்துல யாரும் இல்ல. எங்க தப்பு பண்றேன்னு பாத்துச் சொல்லுடி. இங்க எல்லாரும் கைவிட்டுட்டாங்க."

சூப் கொதிக்கக் கொதிக்க அந்த வீடியோவைப் பார்த்தேன். ஒரு முறை, இரு முறை, மும்முறை பார்த்தேன். நான்காம் முறை கரண்டி கையிலிருந்து விழுந்தது. மருத்துவருக்குத் தெரியாதது, வல்லுநருக்குத் தெரியாதது, வேகத்தை அளக்கும் கருவிகளுக்கெல்லாம் தெரியாதது இந்த மிளகு சூப்காரிக்குத் தெரிந்துவிட்டது!

ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் முடிந்ததும் மாரோவை அழைத்தேன். அந்த உரையாடலை அப்படியே சொல்கிறேன்.

"மாரோ, அந்த வீடியோல சுடறாரே, வெள்ளத்தல மனுசன், அவருக்கு என்ன வயசு இருக்கும்?"

"எழுபதுக்கு மேல. இங்க பந்தயத்துல சுடறவங்க எல்லாருமே வேலையிலேர்ந்து ஓய்வு வாங்கின தாத்தாமாருதான். ஏன்டி?"

"பயிற்சியில யாரு சுடறா?"

"கேட்டின்னு ஒரு பொண்ணு. பத்தொம்பது வயசு. சூயிங்கம் மென்னுக்கிட்டே சுடுவா."

"அவளுக்கு மரியாதை குடுப்பியா?"

"அவளுக்கா? போடி."

"வாரியில நமக்குச் சுட்டவன் யாரு?"

"நம்ம ஸ்கூல்ல ரெண்டு வருசம் மேல படிச்ச பய. நான் டேய்னுதான் கூப்பிடுவேன்."

"சரி. இப்ப அந்த வீடியோவ எடுத்து உன் உதட்டப் பாரு. அந்தத் தாத்தா 'இடத்துக்கு வாங்க'ன்னதும் மண்டி போடற. போட்டதும் உதடு அசையுது. என்ன சொல்ற நீ?"

அமெரிக்காவில் வீடியோ ஓடும் சத்தம் கேட்டது. பிறகு ஒரு குரல்.

"ஐயையோ!"

"மீகுவோ சொல்றடி! சொல்லிட்டு அவரு விரெண்டோ சொல்லுவாருன்னு காத்துக் கெடக்க! அவரு டெக்சஸ்காரருடி, அவருக்கு என்ன தெரியும்? அவருக்குச் சுட மட்டும்தான் தெரியும்!"

அன்பர்களே, சிரியுங்கள், நன்றாகச் சிரியுங்கள். நாங்களும் அப்படித்தான் சிரித்தோம், சிரித்துச் சிரித்து அவள் அழத் தொடங்கும்வரை சிரித்தோம். இனிமேல் சொல்லாமல் இருந்துவிடுகிறேன் என்றாள். முடியாது என்றேன். இருபது நிமிடம் சரளைக்கல்லில் மண்டியிட்டவளால் அது முடியுமா? நினைத்து நிறுத்தப் பார்த்தால் நினைப்பிலேயே இன்னும் கால் நொடி போய்விடும். ஆகவே ஒரு வழி சொன்னேன்.

"பந்தயத்துக்கு முன்னாடியே அவருகிட்ட போ. முறைப்படி மண்டி போடு. அவரு வாயால எழுந்திருன்னு வாங்கிடு. அன்னிக்கு முழுசுக்கும் சேத்து வாங்கிடு. அப்புறம் நீ அவருகிட்ட எதிர்பார்க்க ஒண்ணுமில்ல."

மே மாதம் வந்தது. பெருமைதங்கிய பெரும்போட்டி! பல்லாயிரம் பேர், பதினாறு கொடிகள், எட்டுத் தடங்கள். துப்பாக்கிப் பெரியவர் சிவப்புத் தொப்பியோடு தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். ஒரு கறுத்த நெடிய பெண் போய் அவர் காலடியில் மண்டியிட்டாள். பெரியவர் பதறித் தண்ணீரைச் சட்டையில் ஊற்றிக்கொண்டார். தொடைச் சதை கிழிந்துவிட்டது என்று நினைத்து ஹாலோவே அம்மையார் பனிக்கட்டிப் பையோடு ஓடி வந்தார். அம்மையார் தலையாட்டுகிறார், பாருங்கள்! பெரியவர் கேட்டார்.

"புள்ள, ஒனக்கு என்ன ஆச்சு? நான் என்ன செய்யணும்?"

"விரெண்டோன்னு சொல்லணும் தாத்தா."

"சொன்னா?"

"எழுந்திருப்பேன்."

"சொல்லலன்னா?"

"இங்கயேதான் இருப்பேன்."

பெரியவர் தொப்பியைக் கழற்றினார். நாக்கு புரள இரண்டு முறை தவறாகச் சொன்னார். மூன்றாம் முறை, நம் தலைவர் சொல்வதைவிடத் தெளிவாகச் சொன்னார். "இன்னிக்கு எல்லாத்துக்கும் சேத்துதானே தாத்தா?" என்றாள் மாரோ. "இந்த வாரம் முழுக்கவே வெச்சுக்கோ" என்றார் அவர். காலையில் தகுதிச் சுற்று. மாரோ கடந்துவிட்டாள்.

இறுதிச் சுற்று நமக்கு மாலை ஏழு மணிக்கு வந்தது. எங்கள் கடையில் நிற்க இடமில்லை. கைப்பேசியைச் சூப் பானையின் மூடியில் சாய்த்து வைத்தோம். எட்டுப் பெண்கள் மண்டியிட்டார்கள். மாரோவின் உதடு அசையவில்லை. வெடித்தது! பாய்ந்தாள்! யாருக்கும் காத்திராமல் பாய்ந்தாள், எவர் சொல்லையும் எதிர்பாராமல் பாய்ந்தாள், இருபது மீட்டரில் இணையாக வந்தாள், நாற்பதில் நால்வரை முந்தினாள், அறுபதில்... அறுபதில் படம் நின்றுவிட்டது! நம் ஊர் இணையம்! திரையில் ஒரு வட்டம் சுற்றுகிறது, கடையில் நாற்பது பேர் அந்த வட்டத்தைத் திட்டுகிறார்கள், ஒருவர் கைப்பேசியை எடுத்து வெளியே ஓடுகிறார், மற்றவர்கள் எல்லாம் அவர் பின்னால் ஓடுகிறார்கள். படம் திரும்பியபோது மாரோ தரையில் மல்லாந்து கிடந்தாள். இறந்தாளா, ஜெயித்தாளா, ஒன்றும் புரியவில்லை. பலகையில் பெயர்கள் வந்தன. இரண்டாம் இடம்!

ஏன் அந்தப் பக்கம் "ச்சே" என்று ஒரு சத்தம்? இரண்டாம் இடம் உங்களுக்குச் சின்னதாகத் தெரிகிறதா ஐயா? எழுந்து நின்று பந்தல் வாசல்வரை ஓடிக் காட்டுங்கள், நாங்கள் பார்க்கிறோம். இரண்டாம் இடம் என்றால் எட்டுப் புள்ளி. எட்டுப் புள்ளி என்றால் உதவித்தொகை நீடிப்பு. இன்னும் இரண்டு ஆண்டுகள் அவள் அங்கே படிப்பாள், ஓடுவாள், பட்டம் வாங்குவாள்!

இத்தோடு நான் இறங்கியிருந்தால் உங்களுக்கும் மகிழ்ச்சி, எனக்கும் மரியாதை. மாரோவைக் காப்பாற்றிய ஈசியோ என்று இரண்டு மாதமாக ஊரில் சொல்கிறீர்கள். கடையில் எனக்கே சூப் வாங்கித் தருகிறீர்கள். அதைக் குடிக்காமல் ஓரமாக வைத்துவிடுகிறேன்.

நான் அவளை அழைத்தது ஞாயிற்றுக்கிழமை. வீடியோ வந்தது என்று? யாராவது கேட்டீர்களா? புதன்கிழமை இரவு. புதன்கிழமையே பார்த்தேன், புதன்கிழமையே கண்டுபிடித்தேன். பதிலைத் தட்டச்சும் செய்தேன். அனுப்பவில்லை. ஏன்? அவள் திரும்பி வரட்டும் என்று நினைத்தேன். பெட்டியோடு பேருந்தில் இறங்கட்டும், அவளும் சந்தையில் ஒரு கடை போடட்டும், எனக்கு என்ன குறைச்சலோ அதே குறைச்சல் அவளுக்கும் வரட்டும் என்று நினைத்தேன். வியாழன் போயிற்று, வெள்ளி போயிற்று. சனிக்கிழமை அவளுக்கு ஒரு பந்தயம் இருந்தது. கடைசியாக வந்தாள். அன்றே நால்வர் ரிலே அணியிலிருந்து அவளை நீக்கினார்கள். அவள் ஆசை ஆசையாக ஓடிய ரிலே! அந்தச் செய்தியை அழுதபடி அவள் எனக்கே அனுப்பினாள். என்னிடமே ஆறுதல் கேட்டாள்.

சத்தம் போடுங்கள். மைக்கைப் பிடுங்கச் சொல்கிறாரே அந்த ஐயா, அவர் சொல்வதில் தப்பில்லை. ஆனால் முடித்துவிடுகிறேன். ஓட்டத்தில் தோற்பது தோல்வியா, தாய்மார்களே? வாரியில் நான் தோற்றது தோல்வியா? இல்லை! நெஞ்சை நீட்டி ஓடினேன், நேர்மையாகத் தோற்றேன். தெரிந்ததை வாய்க்குள் பூட்டிக்கொண்டு மூன்று நாள் சூப் கிண்டினேனே, அதுதான் என் தோல்வி. அங்கே ஒருத்தி எழுந்திரு என்று ஒருவர் சொல்ல மாட்டாரா என்று காத்திருந்தாள். அதைச் சொல்ல வேண்டியவள் நான், சொல்லாமல் இருந்தேன். மாரோ, இத்தனை பேர் முன்னால் கேட்கிறேன். என்னை மன்னித்துவிடு.

பொறுங்கள், பொறுங்கள், அமைதி. மாரோ எழுந்துவிட்டாள். மைக் வேண்டுமா? வேண்டாமாம்.

அவள் சொன்னது பின்வரிசைக்குக் கேட்டதா? கேட்டிருக்காது. நான் திருப்பிச் சொல்கிறேன். "அந்த ரிலே குழு கை மாத்தற கோலக் கீழ போட்டுட்டு, போட்டியிலேர்ந்தே வெளிய போச்சு. நான் இருந்திருந்தா அந்தப் பழியும் என் தலையில விழுந்திருக்கும்" என்கிறாள். சிரிக்காதீர்கள், இன்னும் இருக்கிறது. "ஆனா அதுக்காக உன்ன சும்மா விட்டுடுவேன்னு நெனைக்காத. நாளைக்குக் காலைல ஆறு மணி, ஸ்கூல் மைதானம், நூறு மீட்டர். நீ ஜெயிச்சா நான் எல்லாத்தையும் மறந்துடறேன். நான் ஜெயிச்சா, லீவு முடியற வரைக்கும் தெனமும் ஆறு மணிக்கு வந்து என்கூட நீ ஓடணும்."

கேட்டீர்களா? இப்படி ஒரு தண்டனையை எங்காவது கேட்டிருக்கிறீர்களா? ஹாலோவே அம்மையாருக்கு இப்போதுதான் மொழிபெயர்ப்பு போய்ச் சேர்ந்தது. கழுத்தில் தொங்கும் நேரக் கடிகாரத்தைக் கையில் எடுத்துவிட்டார். என்ன சொல்கிறார் ஐயா? தானும் ஆறு மணிக்கு வருகிறாராம். என் கால்கள் ஓடுவதைப் பார்க்க வேண்டுமாம்.

அவையோரே, இந்தக் கால்கள் இரண்டு ஆண்டுகளாக ஓடவில்லை. ஐந்து ஆண்டுகள் இவளை வெல்ல வேண்டும், வெல்ல வேண்டும் என்று மட்டுமே வேண்டிக்கொண்டு படுத்தவள் நான். இன்று முதன்முறையாக இவளிடம் தோற்க ஆசையாக இருக்கிறது. ஆனால் மாரோ, நன்றாகக் கேட்டுக்கொள். விட்டுக்கொடுத்துத் தோற்க மாட்டேன். என்னைத் தோற்கடிக்க நீ உயிரைக் கொடுத்து ஓட வேண்டியிருக்கும்!

ஐந்து நிமிடம் தந்து அரைமணி நேரம் பொறுத்த தலைவருக்கும், திட்டிய பிறகும் எழுந்து போகாமல் இருந்த உங்கள் எல்லோருக்கும் என் நன்றி. பந்தலுக்குப் பின்னால் சோறு தயார், வயிறார உண்டு செல்லுங்கள். எனக்கு மட்டும் கொஞ்சமாகப் போடச் சொல்லுங்கள், காலையில் ஓட வேண்டும். வணக்கம்!